மீன் திங்கிற ஊர்ல ஏன் இத்தனை சுகரும் பிரஷரும்?

மீன் சாப்பிட்டா நெஞ்சுக்கு நல்லது, பிரஷர் வராது, சுகர் அண்டாதுன்னு யூடியூப்ல நாளைக்கு ஒருத்தர் பேசிக்கிட்டு இருக்காங்க. அது நெசம்னா தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர்னு கடலை ஒட்டியே கெடக்கிற நம்ம ராமநாதபுரம் ஜில்லா ஊர்க்காரங்களுக்கு ஆஸ்பத்திரி பக்கமே வேலை இருக்கக் கூடாது. ஆனா 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு வீடா சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொண்டு வர்ற அக்காவப் பாருங்க, கடக்கரைத் தெருவுக்குள்ள நுழைஞ்சாங்கன்னா வெளிய வர மத்தியானம் ஆயிடுது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதான் ஐசிஎம்ஆர், நடத்துன பெரிய சர்வே 2023ல வெளிவந்துச்சு, அதுல இந்தியா முழுக்க 10 கோடிக்கு மேல சுகர்காரங்க, தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4 சதவீதம்னு கணக்கு. மீன் கெடைக்கிற ஊரு, கெடைக்காத ஊருன்னு பாத்து அது வர்றதில்ல.

அப்போ மீன் நல்லதுன்னு சொன்னது பொய்யா? இல்ல. மீன் மேல ஒரு குத்தமும் இல்ல, தட்டுல மீனைச் சுத்தி என்ன இருக்குன்னு யாரும் பேசுறதில்ல, அதுதான் விஷயம்.

முதல்ல சோறு. நம்ம பக்கம் மீன் கொழம்பு வச்சா சோறு கூடத்தான் போகும், அதுல பெருமை வேற, "கொழம்பு நல்லா இருந்துச்சு, ரெண்டு தட்டு உள்ள போயிருச்சு"ம்பாக. வெந்த சோறு 100 கிராமுல ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருக்கு, புரதம் 2, 3 கிராம்தான். குமிச்சு வச்ச ஒரு தட்டுன்னா சும்மா 400 கிராம் வரும், அப்படின்னா மாவுச்சத்து மட்டும் 110 கிராம். பக்கத்துல கெடக்கிற மீன் ரெண்டு துண்டு, முள்ளு போக சதை ஒரு 60 கிராம் தேறும், அதுல 12 கிராம் புரதம். வீட்ல இத "மீன் சாப்பாடு"ன்னு சொல்றோம், கணக்குப்படி பாத்தா இது சோத்துச் சாப்பாடு, மீன் சும்மா துணைக்கு வந்தது.

இதே சோத்தத்தான தாத்தா காலத்துலயும் தின்னாகன்னு கேக்கலாம், நியாயமான கேள்வி. அவுக பாய் கட்டி வத்தையில போனாக, காத்து இல்லைன்னா துடுப்பு, வந்ததும் வலையக் கையால இழுத்தாக. தனுஷ்கோடி போற ரோட்டுல கரவலை இழுக்கிறத இப்பவும் சில நாள் பாக்கலாம், இடுப்புல கயித்தைச் சுத்திக்கிட்டு கடலைப் பாத்தபடி மணல்ல பின்னாலயே ஒவ்வொரு அடியா நடப்பாங்க, கடைசி ஆள் மேட்டுக்கு வந்ததும் கயித்தை விட்டுட்டு ஓடிப்போயி தண்ணியோரம் முதல் ஆளா நின்னு திரும்பப் பிடிப்பாரு, இப்படி மணிக்கணக்கா போகும். அந்த ஒடம்புக்குள்ள போன மாவுச்சத்து எரியாம எங்க போகும். இன்னைக்கு எஞ்சின் வந்துருச்சு, விஞ்ச் வந்துருச்சு, கரைக்கு வந்தா பைக்கு, வீட்டுக்கு வந்தா போனு. வேலை பாதியாயிருச்சு, தட்டு மட்டும் அதே சைஸ். கடலுக்கே போகாம கடை வச்சிருக்கவுக, ஆபீஸ்ல உக்காந்திருக்கவுக, வெளிநாட்டுல சம்பாதிச்சுட்டு வந்து ரெஸ்ட்ல இருக்கவுக கதை இன்னும் மோசம்.

2025ல அதே ஐசிஎம்ஆர் குழு சாப்பாட்டப் பத்தித் தனியா ஒரு ஆய்வு போட்டாங்க. இந்தியர்கள் சாப்பிடுற மொத்த கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்துல இருந்து வருதாம், புரதம் 12 சதவீதம் பக்கம்தான். அதுல இன்னொண்ணு சொல்லியிருந்தாங்க, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: வெள்ளை அரிசிய விட்டுட்டு கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுனா மட்டும் சுகர் ஆபத்து கொறையல, மொத்த அளவு கொறையணும். இப்போ எல்லாரும் குதிரைவாலி, வரகுன்னு கெளம்பியிருக்காங்கல்ல, நம்ம ஜில்லாலயே கமுதி, முதுகுளத்தூர் பக்கம் வெளையிற குதிரைவாலி நல்ல தானியம்தான், நார்ச்சத்து இருக்கு, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா குதிரைவாலிச் சோத்தையும் அதே மலையா குமிச்சுக்கிட்டா பை மாறுச்சே தவிர பண்டம் மாறல.

சரி, என்ன பண்ணலாம்னா, சோத்துல மூணுல ஒரு பங்கு கொறைச்சு அந்த எடத்துல மீனும் காயும் வரணும். தட்டுல கைய வச்சதும் முதல்ல மீனையும் கூட்டையும் கொஞ்சம் சாப்பிட்டுட்டு அப்புறம் சோத்துக்குப் போனா சாப்பிட்டதுக்கு அப்புறம் ஏறுற சுகர் கொறையுதுன்னு ஆய்வுகள்ல பாத்திருக்காங்க, இதுக்குப் பத்து பைசா செலவில்ல. மீனக் கூட்டணும்னா காசு வேணுமேன்னு உடனே வரும். வஞ்சரம், வெளமீன், எறால்னு போனா ஆமா, ஒரு நாள் கூலி போயிரும். ஆனா சத்துன்னு வந்தா அந்த வெல மீனெல்லாம் முன்வரிசையில இல்லவே இல்ல.

நம்ம கடல்ல கெடைக்கிறதுல சத்துக்கும் வெலைக்கும் சரியா வர்றது சூடை, சாளை, நெத்திலி, காரல் இந்தக் கூட்டம்தான். சூடையும் சாளையும் எண்ணெய் மீன், நெஞ்சுக்கு நல்லதுன்னு சொல்ற ஒமேகா 3 கொழுப்பு இதுலதான் அதிகம், வஞ்சரத்துல இதைவிடக் கொறைவு. வைட்டமின் டி இருக்கு, பி12 இருக்கு. முள்ளோட திங்கிற மீனா இருந்தா கால்சியமும் சேந்து வரும், ஐசிஎம்ஆர் கணக்குப்படி பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேணும், அத மாத்திரையில தேடுறோம். மண்சட்டியில புளி கூட ஊத்தி சூடைய வச்சு, ராத்திரி முழுக்க அப்படியே விட்டு மறுநாள் காலைல பழைய சோத்துக்குத் தொட்டுக்கிட்டா முள்ளு வாயில தட்டவே தட்டாது, நடு முள்ளும் வெரலால நசுக்குனா மாவா நசுங்கும், புளியோட புளிப்புலயும் சூட்டுலயும் அது அப்படி எளகிரும். வெந்தயம் தாளிச்சு, நம்மூரு குண்டு மொளகா ரெண்டு கிள்ளிப் போட்டு வச்சா (அந்த மொளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க) அதுக்கு மேல ஒரு கொழம்பு கெடையாது, இது என் தனிப்பட்ட கருத்து, சண்டைக்கு வராதீக.

சின்ன மீனுக்கு இன்னொரு லாபமும் இருக்கு. கடல்ல இருக்கிற பாதரசம் சின்ன மீன்ல கொஞ்சமா இருக்கும், அதைத் தின்ன மீன்ல கூடும், அதையும் தின்ன பெரிய மீன்ல இன்னும் கூடும். பெரிய சுறா, தளப்பத்துல எல்லாம் அதனாலதான் எச்சரிக்கை சொல்றாங்க, முக்கியமா மாசமா இருக்க புள்ளைகளுக்கு. பிள்ள பெத்தவளுக்குப் பால் சுரக்கும்னு பால்சுறா புட்டு குடுக்கிற பழக்கம் நம்ம பக்கம் உண்டு, குட்டிச் சுறாவா எப்பவாவது செஞ்சு குடுத்தா அதுல பெருசா பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா வாரம் பூரா அதுதான்னு வேண்டாம், நெத்திலியும் காரலும் அதைவிட நல்ல சாப்பாடு.

இவ்வளவு சத்துள்ள மீன் எங்க போகுதுங்கிறீங்க? மண்டபத்துலயோ ராமேஸ்வரத்துலயோ விசைப்படகு வந்து நிக்கிறப்ப ஜெட்டியில நின்னு பாருங்க. எறாலும் கணவாயும் நண்டும் ஐஸ் பெட்டிக்குள்ள தனியா போயிரும், வெல மீன் தனியா போயிரும், கடைசியில மிஞ்சுற குட்டி மீனையெல்லாம் ஒண்ணாக் கூட்டி அள்ளுவாங்க, சங்காயம்னு பேரு. மணல்ல காயப்போட்டு மூட்டை கட்டி கோழித்தீவனத்துக்கு நாமக்கல் பக்கம் அனுப்பிருவாங்க. நல்ல சாளை கெடைச்சா கேரளாவுக்கு லாரி ஏறிரும், அவுக விரும்பித் திங்கிறாக. ஆக நம்ம கடல்ல பிடிச்சது நாமக்கல் போயி, கோழி தின்னு, முட்டையா திரும்பி நம்ம கடைக்கே வருது. முட்டை நல்லதுதான், அதுல சண்டை இல்ல. நம்ம வீட்லயோ சூடை வாங்குனா "என்ன, கையில காசில்லையா"ன்னு பக்கத்து வீட்ல கேக்குற நெலமை, அந்தக் கௌரவம்தான் சங்காயத்தைவிட எனக்குப் பெரிய எரிச்சல்.

இனி உப்பு. இதத்தான் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா நம்ம கரையில பிரஷருக்கு முக்கியமான வழி இதுதான்னு நெனைக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள்ள இருங்கன்னு சொல்லுது, தலை தட்டுன ஒரு டீஸ்பூன் அளவு. கொழம்பு, சோறு, ஊறுகா, அப்பளம், இட்லி மாவு, பிஸ்கட்டு, மிச்சர் எல்லாம் சேத்துத்தான் அந்த ஒரு ஸ்பூன். உப்புல 40 சதவீதம் சோடியம். ரத்தத்துல சோடியம் கூடுனா அது தண்ணிய இழுத்துப் பிடிச்சு வைக்கும், ரத்தத்தோட அளவு கூடும், குழாய்க்குள்ள அழுத்தம் ஏறும், கூடுன சோடியத்த வெளியேத்த கிட்னி பாடுபடும், வருஷக்கணக்குல இப்படியே போனா ரத்தக் குழாய் வெறைச்சுப் போயிரும், அதுக்கப்புறம் உப்பக் கொறைச்சாலும் முழுசா எறங்காது. இதுல ஒண்ணும் வலிக்காது, தலை சுத்தாது, அதனாலதான் நெறைய பேருக்குத் தெரியறதே இல்ல.

நம்ம பக்கம் கருவாடு இருக்கே. நல்லா உப்புப் போட்டுக் காயவச்ச கட்டா, திருக்கை, வாளைக் கருவாட்டுல 100 கிராமுக்கு 10 கிராமுக்கு மேல உப்பு இருக்கிறது சர்வ சாதாரணம். ஒரு வேளைக்கு 50 கிராம் தின்னா அன்னைக்கு உள்ள கோட்டா அங்கயே முடிஞ்சுது, அதுக்கு மேலதான் கொழம்பு உப்பே வருது. கருவாட்ட விடுங்கன்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல, ஊர்ல நடமாட முடியாது. ஆனா ஆத்தா காலத்து வழி ஒண்ணு இருக்கு, இப்ப அவசரத்துல விட்டுட்டோம்: கருவாட்டத் துண்டு போட்டு சுடுதண்ணியில ஒரு பத்து நிமிஷம், அந்தத் தண்ணியக் கீழ ஊத்திட்டு கழனித் தண்ணியில அரை மணி நேரம், அதையும் ஊத்திட்டு ஒரு அலசு. முதல் தண்ணிய நாக்குல வச்சுப் பாத்தா கடல் தண்ணி தோத்துரும், அவ்வளவும் வயித்துக்குள்ள போயிருக்க வேண்டியது. அப்புறம் கொழம்புக்கு உப்பே போடாம கொதிக்க விட்டு, எறக்கும்போது மட்டும் பாத்துப் போடணும், முக்காவாசி நேரம் போடத் தேவையே இருக்காது. இல்லைன்னா உப்பில்லாம வெறும் வெயில்ல காஞ்ச நெத்திலிக் கருவாடு வாங்கலாம், தின்னு பாத்து வாங்குங்க, கடைக்காரம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாக.

தண்ணியும் இதுல கணக்குல வரும். நம்ம ஜில்லாவுல கடலோரம் ஆழ்குழாய் போட்டா முக்காவாசி எடத்துல உவர்தான். 2009ல காவிரி கூட்டுக் குடிநீர் வந்துச்சு, வந்தும் என்ன, குழாய்ல தண்ணி வர்ற நாளுக்குக் காத்திருந்து தள்ளுவண்டியில ஏழெட்டுக் கொடம் வச்சுத் தள்ளிக்கிட்டுப் போற பொம்பளைகளத்தான் இன்னைக்கும் ரோட்டுல பாக்குறோம். அதனால குடிக்க மட்டும் காவிரித் தண்ணி, சோறு வடிக்க, கொழம்பு வைக்க, டீ போட போர் தண்ணின்னு பல வீட்ல பழக்கம். ஒரு தண்ணியில லிட்டருக்கு 500 மில்லிகிராம் சோடியம் இருக்குன்னு வச்சுக்குங்க, 3 லிட்டர் உள்ள போனா அதுவே கிட்டத்தட்ட நாலு கிராம் உப்புக்குச் சமம். வங்கதேசத்துல குல்னா பக்கம் கடலோர கிராமங்கள்ல மாசமா இருந்த பொம்பளைகள வச்சுப் பாத்த ஆய்வுல, உவர் தண்ணி குடிச்சவங்களுக்குப் பிரஷர் கூடுதலா இருந்ததும் தெரிஞ்சிருக்கு. முடிஞ்ச வரைக்கும் நல்ல தண்ணிய ஒலைக்கும் ஒதுக்குங்க, துணி தொவைக்க, பாத்திரம் கழுவ உவர் போதும். எந்தத் தண்ணியில எவ்வளவு உப்புன்னு குடிநீர் வாரிய லேப்ல குடுத்தா டெஸ்ட் பண்ணித் தருவாங்க, ஒரு தடவை பாத்து வச்சுக்கிறது நல்லது.

உப்பு மாத்திப் பாக்கலாமான்னா, கல்லுப்பு நல்லது, இந்துப்பு நல்லதுன்னு வாட்சப்ல வர்றதையெல்லாம் நம்பாதீங்க, சோடியம் எல்லாத்துலயும் ஏறக்குறைய ஒண்ணுதான், கலருக்குக் காசு குடுக்கிறோம். நம்ம வாலிநோக்கத்துல அரசாங்க உப்பு நிறுவனம் அயோடின் சேத்ததும், அயோடினும் இரும்பும் சேந்ததும் போடுது, அது போதும். உண்மையிலயே வித்தியாசம் பண்றது சோடியம் கொறைச்சு பொட்டாசியம் சேத்த உப்பு. சீனாவுல 600 கிராமத்துல சுமார் 21,000 பேர எடுத்து, பாதி கிராமத்துக்கு மட்டும் அஞ்சு வருஷம் கிட்ட அதக் குடுத்துப் பாத்தாங்க, 2021ல முடிவு வந்துச்சு, சாதா உப்பு தின்னவங்களவிட இவங்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் கொறைஞ்சிருந்துச்சு. 2025 ஜனவரியில உலக சுகாதார நிறுவனமும் வீட்டுச் சமையலுக்கு அந்த உப்புக்கு மாறலாம்னு சொல்லிருச்சு. ஆனா கிட்னி கோளாறு உள்ளவங்க, மாசமா இருக்கவங்க, சின்னப் பிள்ளைகளுக்கு அது கெடையாது, பொட்டாசியம் வெளியேறாம தங்குனா இதயத் துடிப்பே தடம் மாறிரும். பிரஷர் மாத்திரையிலயும் சிலது பொட்டாசியத்த ஏத்தும், அதனால டாக்டர்கிட்ட கேக்காம அந்தப் பாக்கெட்ட வாங்காதீங்க.

வேர்க்குதே, கடல்ல உப்பு வேணாமான்னு மச்சான் ஒருத்தர் சண்டைக்கு வந்தாரு. வேர்வையில உப்புப் போறது உண்மைதான், ஆனா நம்ம சாதாரண சமையல்லயே அதுக்கு மேல இருக்கு. படகுல கொறையிறது தண்ணி. சித்திரை வைகாசி வெயில்ல ரெண்டு லிட்டர் பாட்டிலோட போயி, தாகத்துக்கு டீயும் பீடியும்னு இருந்தா கிட்னியில கல்லு வராம என்ன வரும். நீராகாரம், மோர், இல்ல வெறும் தண்ணியே நெறைய கொண்டு போகணும்.

எண்ணெய்யப் பத்திச் சுருக்கமா. பொரிச்ச மீனுக்கு நெஞ்சுக்கான லாபம் கெடைக்கிறதில்ல, கொழம்பு, அவிச்சது, தோசைக்கல்லுல ஒரு ஸ்பூன் எண்ணெய்ல போட்டதுக்குத்தான் அந்தப் பேரு. கடையில கருப்பாகி நொரை தள்ளுற எண்ணெய்ல பொரிச்சது தனி ரகம், திரும்பத் திரும்பக் காச்சுறப்ப எண்ணெய்ல சேர்ற கெட்ட பொருள் 25 சதவீதத்துக்கு மேல போனா கொட்டிரணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018லயே விதி போட்டுருச்சு, ராத்திரி பத்து மணிக்கு புரோட்டாக் கடையில யார் அத அளக்குறா. புரோட்டா மைதா, சால்னாவுல எண்ணெய், அதுவும் தூங்கப் போறதுக்கு முன்னாடி. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைன்னா ஓகே, தெனமும்னா அதுக்கு மீன் ஒண்ணும் பண்ண முடியாது.

டீ. ஒரு கிளாசுக்கு ரெண்டு ஸ்பூன் சீனி, நாளைக்கு அஞ்சு டீ, பத்து ஸ்பூன், 40 கிராமுக்கு மேல. நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு சொல்றாங்க. "நான் கருப்பட்டி காப்பிதான் குடிக்கிறேன்"னு நிறைய பேரு நிம்மதியா இருக்காங்க. சாயல்குடி பக்கத்துக் கருப்பட்டி ருசிக்கு நான் அடிமை, தாதுச் சத்து கொஞ்சம் இருக்கு, ஆனா அதுலயும் பெரும்பகுதி சர்க்கரைதான், சுகர்காரங்க ஒடம்புக்கு அது வேற பேர்ல வந்த சீனி. கீழக்கரை தொதலும் அப்படித்தான், கருப்பட்டி, தேங்காப்பால், நெய்யின்னு கிண்டிக் கிண்டி எறக்குறது, நாக்குல வச்சா கரையும், அதுக்கு ஒரு பெருநாள் போதும். நோன்பு தொறக்கிறப்ப வைக்கிற கடல்பாசி அதைவிட ஒடம்புக்கு எளசு, சீனிய மட்டும் கையப் பாத்துப் போடணும்.

பொம்பளைக விஷயம் தனி. தேசிய குடும்பநல சர்வே 2019-21 கணக்குல தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, அதே கணக்குல 40 சதவீதம் பேரு எடை கூடுதல், ரெண்டும் ஒரே வீட்ல, சில சமயம் ஒரே ஆளுகிட்டயே இருக்கு. ஏன்னா எல்லாரும் சாப்பிட்ட பெறகு மிஞ்சுறது கொழம்பும் சோறும், மீன்ல தலையும் வாலும். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துல கடல்ல பாசி எடுக்கப் போறவுக விடியக்காலம் டீயும் பன்னும் தின்னுட்டு மணிக்கணக்கா தண்ணிக்குள்ள முங்கி எந்திரிக்கிறாக, அந்த வேலைக்கு அந்தச் சாப்பாடு எந்த மூலைக்கு. முருங்கைக்கீரை வேலியில கெடக்கு, அதோட ரெண்டு நெத்திலியப் போட்டு வதக்குனா கீரையில இருக்க இரும்புச்சத்த ஒடம்பு எடுத்துக்க அந்த மீனே உதவும். ஆனா சாப்பிட்ட கையோட டீ குடிச்சா அது கெட்டுரும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிங்க. காய்கறி நம்ம வறண்ட பூமியில வெளையிறது கம்மி, மதுரையில இருந்து வர்றதத்தான் வாங்கணும், உலக சுகாதார நிறுவனம் சொல்ற 400 கிராம் காயும் பழமும் பல வீட்ல கனவு, அதனாலயே முருங்கையையும் சுரைக்காயையும் கொல்லையில விடாமப் போட்டு வைக்கணும்.

நடைன்னா, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்துப் பதினஞ்சு நிமிஷம் தெருவ ஒரு சுத்து சுத்துனாலே சுகர் ஏத்தம் கொறையும். ராத்திரிக் கடலுக்குப் போறவுகளுக்கு இது பொருந்தாது, அவுகளுக்குத் தூக்கம்தான் பிரச்சனை, கரைக்கு வந்து பகல்ல ஆறு ஏழு மணி நேரம் இருட்டுல ஒழுங்காத் தூங்குறது மாத்திரைக்குச் சமம், அத யாரும் சொல்லிக் குடுக்கிறதில்ல.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடை வருது, அப்பத்தான் வீட்ல கருவாடு தெனமும் அடுப்பேறும், மீன் வெல ஏறிரும், சோறு இன்னும் கூடும். உப்பும் சுகரும் சேந்து ஏறுற காலம் இது. நாட்டுப்படகுக்குத் தடை இல்ல, காலைல கரையில போயி நின்னா காரலோ சூடையோ கொஞ்சம் கெடைக்கும், செவுள் செவப்பா, கண்ணு புடைச்சுக்கிட்டு இருக்கானு பாத்து வாங்குங்க. கெடைக்காத நாளைக்கு ஆளுக்கு ஒரு முட்டை, தட்டப்பயறோ பாசிப்பயறோ அவிச்சு ஒரு கிண்ணம், சாயங்காலம் ஒரு கைப்பிடி கடலை. கருவாடு வாரத்துல ரெண்டு நாள், அதுவும் ரெண்டு தண்ணி மாத்தி ஊறப்போட்டது.